ஆள் மாத்தி வெச்ச கல்லு

காலையில இருந்து பவுல்ராஜ் போன் ஓயவே இல்ல.

"ஆமா ஜெயசீலன். இன்னிக்கி கல்லறத் திருநாளு, சாயந்திரம் கல்லற மந்திரிப்பு இருக்குது. அது முடிஞ்சி ஆறு மணிக்கி வூட்டுக்கு வந்துடுங்க. பேப்பர எடுத்துகினு வாங்க. நாலு சென்ட்டும் சேத்துதான். அதுல இன்னா சந்தேகம் உங்களுக்கு?"

அடுப்பாண்ட நின்னுகினு இருந்த அன்னாமேரிக்கு அந்த 'நாலு சென்ட்' காதுல விழுந்ததும் கை அப்படியே நின்னுட்டுது. கொழம்பு கொதிச்சி வழிஞ்சதக்கூட பாக்கல.

நாலு சென்ட்னா எது? வூட்டுக்குப் பின்னால, கெணத்துக்கு அந்தாண்ட, நாத்தனா மரிய சுகந்தி ஒரு ஓட்டு வூடு கட்டிகினு பதினோரு வருஷமா குடியிருக்கற எடம். மாமனாரு சூசைநாதன் உயிரோட இருக்கும்போதே, "இது என் பொண்ணுக்கு"ன்னு வாயால சொல்லிட்டுப் போனது. வாயால மட்டும்தான். எழுதி வெக்கல.

அந்த எடத்தையும் சேத்து லேஅவுட்டுக்குக் குடுக்கறேன்னு இப்ப அவ புருஷன் புரோக்கர் ஜெயசீலன்கிட்ட சொல்லிகினு இருக்காரு. சுகந்திக்கி இது தெரியாது. தெரிஞ்ச ஒரே ஆளு அன்னாமேரிதான்.

ஆறு மாசத்துக்கு முன்னாடி இப்படி இருந்தவரா இவரு?

கொத்தனாரு வேல. விடிஞ்சா மட்டப்பலக, கரண்டி, தூக்குசட்டி எல்லாத்தையும் சைக்கிள்ல கட்டிகினு வில்லியனூரு போவாரு. சாயந்திரம் திரும்பி வந்தா சட்டப் பையில ரெண்டு வடையாவது இருக்கும். அதுல ஒண்ணு சுகந்திக்கி. நாலு வழி ரோட்டுக்காக மாமனாரு விட்டுட்டுப் போன ரோட்டோரத்து நெலத்த கவர்மெண்டு எடுத்துச்சி. பூமி வெளைஞ்சி குடுக்காதத ரோடு குடுத்துட்டுது. பணம் வந்துச்சி. மிச்சம் இருந்த நெலத்துக்கும் வெல ஏறிப்போச்சி.

மொத மாசம் நல்லாத்தான் இருந்தாரு. ஒழுவற கூரைய எடுத்துட்டு தளம் போட்டாரு. சர்ச்சுக்கு மைக்செட்டு வாங்கிக் குடுத்தாரு. அன்னாமேரி கைக்கி ஆறு வளையலு வந்துச்சி. அவளும் வேணாம்னு சொல்லல. சொல்லுவாளா? இருவது வருஷம் கண்ணாடி வளையலு போட்ட கை அது.

அப்புறம்தான் கொஞ்சம் கொஞ்சமா ஆளு மாற ஆரமிச்சாரு. "பட்டா மாத்தணும், ஒரு கையெழுத்து போடும்மா"ன்னு தங்கச்சிய ஆபீசுக்கு கூட்டிகினு போனாரு. அண்ணன் சொல்றானேன்னு அவளும் படிச்சிப் பாக்காம போட்டா. அது சொத்துல பங்கு வேணாம்னு எழுதிக் குடுக்கற விடுதலப் பத்திரம்னு பத்து நாளு கழிச்சிதான் அவளுக்குத் தெரியும். மிக்சி ஒண்ணு, பட்டுப்பொடவ ஒண்ணு. அவ்ளோதான் அவ பங்கு. சுகந்தி வந்து சண்ட போடல, அழுவல. கருவேப்பிலை பறிக்க பின்வாசலு வழியா வந்துகினு இருந்தவ, அதோட வர்றத நிறுத்திட்டா.

போன மாசம் காத்தடிச்சி, இவங்க மரத்துத் தேங்காய் ஒண்ணு சுகந்தி வாசல்ல விழுந்துட்டுது. அத ஆள அனுப்பி எடுத்துகினு வரச் சொன்னாரு. ஒரு தேங்காய்! அன்னிக்கி அன்னாமேரிக்கி வெக்கமா பூட்டுது.

அவ தெனமும் மாதா படத்துக்கு முன்னாடி நின்னு ரெண்டு வேண்டுதல் சொல்றா. கடன்காரன் வாசல்ல வந்து நின்ன காலத்த மாத்துனியே தாயே, உனக்கு கோடி நன்றி. அடுத்த மூச்சுலயே, என் ஆள மட்டும் திருப்பிக் குடுத்துடு தாயே. ரெண்டும் ஒரே வாயால கேக்கறது நாயமான்னு அவளுக்கே தெரியல.

போன வெச்சிட்டு பவுல்ராஜ் வந்து உக்காந்தாரு. புது வெள்ள சட்ட, பெரிய வாட்ச்சு. அன்னாமேரி சோத்தப் போட்டுகினே மெல்ல ஆரமிச்சா.

"ஏங்க, சுகந்தி எங்கங்க போவா?"

"எங்க போவான்னா? அவ புருஷனுக்கு கம்பெனியில செக்யூரிட்டி வேல இருக்குது. வாடகைக்கிப் போவட்டும். நானா அவள கட்டிக் குடுத்தப்ப எடம் எழுதிக் குடுத்தேன்?"

"மாமா சொன்னாரே."

"எங்கப்பா ஆயிரம் சொல்லுவாரு. அவருக்கு இன்னா, சொல்லிட்டுப் போயிட்டாரு. கஷ்டப்பட்டது நான்." ஒரு வாய் சோறு தின்னுட்டு அவரே தொடர்ந்தாரு. "எங்கப்பாவுக்கு இன்னா கொற வெச்சேன்? இன்னிக்கி சாயந்திரம் வந்து பாரு. கருப்பு கிரானைட்டு. இந்தப் பங்குலயே எவனும் அப்படி கல்லற கட்னதில்ல. பங்கு சாமியாரே நின்னு பாக்கப்போறாரு."

"நீங்க போயி பாத்தீங்களா?"

"போட்டோ அனுப்புனான். பளபளன்னு இருக்குது. நான் எதுக்கு வெயில்ல போயி நிக்கணும்? அதுக்குத்தான் குழந்தைவேலுக்கு காசு குடுத்திருக்கேன்."

அன்னாமேரி கொழம்ப ஊத்துனா. அவளும் அந்தப் பக்கம் போயி ரொம்ப வருஷம் ஆச்சி. கல்லறத் திருநாளுன்னா அவ பாகூரு பக்கம் அவங்க அம்மா ஊருக்குப் போயிடுவா. இவரு ரெண்டு வருஷமா வேல வேலன்னு போவல. மாமனாரு கல்லறைய வருஷா வருஷம் பாத்துகினது சுகந்திதான்.

*

மூணர மணிக்கெல்லாம் கல்லறத் தோட்டத்துல நல்ல கூட்டம். மத்தியானம் பேஞ்ச மழையில செம்மண்ணு ஊறிப்போயி செருப்பெல்லாம் கனத்துச்சி. சாமந்தி, கோழிக்கொண்ட, ஊதுவத்தி வாசன. ஆளாளுக்கு அவங்கவங்க மேட்டுல புல்ல புடுங்கி, பூவ கிள்ளிப் போட்டு, மெழுகுவத்திய காத்துக்கு மறைச்சி மறைச்சி கொளுத்திகினு இருந்தாங்க.

பவுல்ராஜ் கார வாசல்லயே நிறுத்தி எறங்குனாரு. கல்லற எங்கன்னு தேடவே வேணாம். செவுத்தோரமா கருப்பா, கண்ணாடி மாதிரி, அது ஒண்ணுதான் மின்னுச்சி. சுத்தி இருந்த மண்ணு மேடெல்லாம் அதுக்கு முன்னாடி வெறும் வரப்பு மாதிரி தெரிஞ்சிது. நாலு பேரு சுத்தி நின்னு தடவிப் பாத்துகினு இருந்தாங்க.

கல்லு போட்ட குழந்தைவேலு துணிய வெச்சி தொடச்சிகினே, "வாங்க சார். எப்பிடி கீது?"ன்னு கேட்டான்.

அன்னாமேரி படிச்சா. மாமனாரு பேரு சின்னதா இருந்துச்சி. அதுக்குக் கீழ தங்க கலர்ல பெரிய எழுத்து: 'அன்பு மகன், தொழிலதிபர் பவுல்ராஜ்'. சுகந்தி பேரு எங்கயும் இல்ல.

"தொழிலதிபரா?"ன்னு அவ மொல்லமா கேட்டா.

"பின்ன, கொத்தனாருன்னா போடுவாங்க?"

அப்பதான் பவுல்ராஜ் அந்தாண்ட பாத்தாரு. நாலு வரிச தள்ளி, எதிர்ப் பக்கத்து செவுத்தோரம், ஒரு மண்ணு மேட்டாண்ட மரிய சுகந்தி குந்திகினு புல்லு புடுங்கிகினு இருந்தா. மடியில ஒரு மொழம் சாமந்தி. அண்ணன நிமிந்து பாத்தா. மறுபடியும் குனிஞ்சிகினா.

"பாத்தியா வீம்ப?" பல்ல கடிச்சாரு பவுல்ராஜ். "நான் கல்லு போட்டேன்னு வயித்தெரிச்சலு. இங்க வந்து ஒரு மெழுகுவத்தி ஏத்துனா கொறஞ்சா பூடுவா? எவன் மேட்டுலயோ போயி உக்காந்திருக்கா பாரு. நாலு பேரு பாக்கணும்னு."

அன்னாமேரிக்கி மனசுல ஏதோ நெருடுச்சி. சுகந்தி அந்த மாதிரி பொண்ணு இல்ல. வீம்புக்கு ஒரு காரியம் பண்ணி அவளுக்குப் பழக்கமே இல்ல.

சாமியாரு வந்துட்டாரு. சர்ச்சுல அவருக்கு ஒத்தாசையா இருக்கற உபதேசியாரு தீர்த்தச் செம்ப தூக்கிகினு பின்னாலயே வந்தாரு. ஜெபம் ஆரமிக்கறதுக்குள்ள, பின்பக்கத்துல இருந்து ஒரு சத்தம் கெளம்புச்சி பாருங்க!

"எவன்டா அவன்? எந்தக் கட்டையில போறவன் என் ஆளோட சிலுவைய புடுங்கிப் போட்டவன்?"

ஆரோக்கியம்! நடவு நட்டு, கள எடுத்து, இந்தச் சுத்துப்பட்டு கழனியெல்லாம் காலால அளந்தவ. அறுவத்தஞ்சி வயசு இருக்கும். கையில ஒரு பழைய மரச் சிலுவ. அத செவுத்தோரக் குப்பையில இருந்து எடுத்துகினு வந்துட்டா.

"யக்கா, மொல்ல. சாமியாரு கீறாரு"ன்னாங்க யாரோ.

"சாமியாரு இருந்தா இன்னா? அவருகிட்டதான் நாயம் கேக்கணும். என் வூட்டுக்காரன் ராயப்பன பொதச்சி ஒம்பது வருஷம் ஆவுது. வருஷா வருஷம் நான் வெக்கற சிலுவ இது. இப்ப வந்து பாக்கறேன், மேட்டையே காணோம்! தோ, இந்தக் கல்லுதான் குந்திகினு கீது!"

கூட்டம் மொத்தமா திரும்பி கிரானைட்டப் பாத்துச்சி. அப்புறம் பவுல்ராஜப் பாத்துச்சி.

"ஏய் ஆரோக்கியம், இன்னா ஒளர்ற?" பவுல்ராஜ் சத்தம் போட்டாரு. போன வருஷம் வரைக்கும் 'ஆரோக்கியம் அக்கா'ன்னுதான் வாய் நெறய கூப்புடுவாரு. "இது எங்கப்பா எடம். டேய் குழந்தைவேலு, நான் சொன்ன எடத்துலதான போட்ட?"

"ஆமா சார். நீங்கதான் போன்ல சொன்னீங்களே. கேட்டுல நொழஞ்சா எடது கைப் பக்கம், மூணாவது வரிச, செவுத்தோரம் கடைசி மேடுன்னு. நான் எண்ணித்தான் போட்டேன்."

"எந்த கேட்டு?"ன்னு உபதேசியாரு கேட்டாரு.

"தோ, இந்த கேட்டுதான். வாய்க்கா பக்கம்."

உபதேசியாரு தலையில கைய வெச்சிகினாரு. "அடப்பாவி, இது புது கேட்டுடா. ரோட்ட ஒசத்துனாங்கன்னு போன வருஷம்தான் வெச்சோம். பழைய கேட்டு அந்தாண்ட ரோட்டு மேல இருந்துச்சி. அங்கேர்ந்து நொழஞ்சாதான் அவங்கப்பா எடது கைப் பக்கம்."

"எனக்கு இன்னா சார் தெரியும்? நான் வில்லியனூர்காரன். எனக்குத் தெரிஞ்சது ஒரு கேட்டுதான்."

யாரோ களுக்குன்னு சிரிச்சாங்க. அவ்ளோதான், சிரிப்பு ஒவ்வொருத்தரா தொத்திக்கிச்சி. அன்னாமேரிக்கி முந்தானையால மூஞ்ச மறைச்சிக்கலாம் போல இருந்துச்சி. தொழிலதிபர் பவுல்ராஜு, பெத்த அப்பன் எங்க கெடக்கறான்னு தெரியாம எவனுக்கோ கல்லற கட்டிட்டாரு!

மனுஷன் அந்த எடத்துலயே ஒத்துகினு இருந்தா முடிஞ்சி போயிருக்கும். ஆனா பணம் வந்த வாய் அது, சும்மா இருக்குமா?

"சரி, ஆயிட்டுது. இப்ப இன்னா அதுக்கு? ஆரோக்கியம், இந்த எடத்த எனக்கு வுட்டுடு. உனக்கு எவ்ளோ வேணும் சொல்லு. வேற எடத்துல ஒரு மேடு போட்டுக்க. சிமெண்ட்டுலயே கட்டிக் குடுக்கறேன்."

ஆரோக்கியம் ஒரு நிமிஷம் அவர ஏற எறங்கப் பாத்தா.

"ஏம்பா பவுலு, ஆளு இங்க கெடக்கறான். மேட்ட எங்க போடச் சொல்ற?"

இப்ப யாரும் சிரிக்கல.

"உங்கிட்ட நான் காசு கேக்கல"ன்னா ஆரோக்கியம். "நீ கெட்டவனும் இல்ல. எனக்குத் தெரியும், என் வூட்டு செவுரு விழுந்தப்ப கூலி வாங்காம பூசிக் குடுத்தவன் நீ. ஆனா இத எடுத்துடுப்பா. என் ஆளு மூட்ட தூக்குனவன். நெல்லு மூட்ட தூக்கித் தூக்கி முதுகு ஒடிஞ்சே செத்தான். செத்தப்புறமாவது அவன் மேல பாரம் வேணாம். மண்ணுதான் லேசா இருக்கும்."

 பவுல்ராஜ் மொகம் எறங்கல. அன்னாமேரி பாத்துகினே இருந்தா. அந்த மூஞ்சி அவளுக்கு அத்துப்படி. தப்புன்னு உள்ளுக்குள்ள தெரிஞ்சிடுச்சி, வெளிய ஒத்துக்க வழி தெரியல. இப்ப யாராவது ஒரு வார்த்த குத்திப் பேசுனா போதும், கார எடுத்துகினு கெளம்பிடுவாரு. அப்புறம் இந்த ஜென்மத்துக்கும் இந்த ஊருல யாருக்கும் அவரு ஆவ மாட்டாரு.

மாதாவே, யாரும் ஒண்ணும் பேசிடக் கூடாது.

சுகந்தி எழுந்து வந்தா.

குத்திப் பேசறதுக்கு ஊருலயே நாயம் இருக்கற ஒரே ஆளு அவதான். கையெழுத்துல ஆரமிச்சி தேங்காய் வரைக்கும் எல்லாத்தையும் இந்த எடத்துல கொட்டுனா, யாரு இன்னா சொல்ல முடியும்?

சுகந்தி அண்ணன் பக்கத்துல வந்து, அவருக்கு மட்டும் கேக்கறாப்பல சொன்னா. ஆனா அன்னாமேரிக்கும் கேட்டுச்சி.

"காத்தாலயே பாத்தேண்ணா. எடம் மாறிப்போச்சின்னு தெரியும். ஊரு கூடியிருக்கும்போது எப்டி சொல்றது? மந்திரிச்சி முடிச்சி எல்லாரும் போனப்புறம் உன்கிட்ட தனியா சொல்லலாம்னு இருந்தேன். வா. அப்பா அங்க கீறாரு."

கையப் புடிச்சி இழுத்தா. சின்னப் புள்ளையில கூப்புடற மாதிரி. அவரும் கூடவே போயிட்டாரு.

அந்த மண்ணு மேட்டு தலமாட்டுல, பாதி மண்ணுல புதைஞ்சி, ஒரு சிமெண்ட்டு சிலுவ. பாசி புடிச்சி கெடந்தத சுகந்தி தேங்கா நாரால தேச்சி வெளுப்பா ஆக்கியிருந்தா. அதுல கோணல் மாணலா ஆணியால கீறுன எழுத்து. 'சூசைநாதன். மவன் பவுலு. மவ சுகந்தி.'

அன்னாமேரிக்கி எல்லாம் ஞாபகம் வந்துட்டுது. பதினேழு வருஷம். மாமனாரு செத்து ஒரு வாரம், கையில காசே கெடையாது. வேல நடந்த எடத்துல மேஸ்திரிகிட்ட கேட்டு, மிஞ்சிப்போன கலவைய ஒரு இரும்பு பாண்டுல போட்டு சைக்கிள்ல கட்டிகினு வந்தாரு இவரு. நாலு பலகைய அடிச்சி அச்சு பண்ணாரு. அன்னாமேரி புள்ளைய இடுப்புல வெச்சிகினு தண்ணி ஊத்துனா. சுகந்தி ஒரு ஆணிய தேடிக் கொண்டாந்து, "என் பேரையும் எழுதுண்ணா"ன்னா.

அவரு மறந்தே போயிருந்தாரு. பதினேழு வருஷத்துல ஒரு தடவ கூட அந்த நெனப்பு வரல போல. வந்திருந்தா போன்ல 'கடைசி மேடு'ன்னு சொல்லியிருக்க மாட்டாரே, 'என் கையால செஞ்ச சிலுவ'ன்னுதான் சொல்லியிருப்பாரு?

பவுல்ராஜ் சேத்துலயே மண்டி போட்டாரு. அழுவாருன்னு நெனச்சா அன்னாமேரி. அழுவல. சிலுவையோட ஓரத்த கட்ட விரலால தேச்சிப் பாத்தாரு. பின்பக்கம் கைய வுட்டு தட்டிப் பாத்தாரு. கொத்தனாரு செவுத்த தட்டிப் பாக்கற மாதிரி.

"கலவ நல்லா அமஞ்சிருக்குது"ன்னாரு. கொரலு வேற மாதிரி இருந்துச்சி. "பதினேழு வருஷம். எங்கயும் ஒரு விரிசலு இல்ல."

"நீ செஞ்சதுண்ணா"ன்னா சுகந்தி.

அப்புறம் வாட்ச்ச கழட்டி அன்னாமேரி கையில குடுத்தாரு. சட்டையையும் கழட்டுனாரு. உள்ள பனியன். வேட்டிய மடிச்சிக் கட்டிகினு குழந்தைவேல கூப்ட்டாரு.

"கடப்பார எங்க வெச்சிருக்க?"

"சார், இன்னிக்கேவா? நாளைக்கி ஆள கூட்டியாந்து எடுத்துடறேன் சார்."

"எடுடா. சாமி, அஞ்சி நிமிஷம் பொறுத்துக்குங்க. இந்த எடத்த அப்புறமா மந்திரிங்க."

சாமியாரு தலைய ஆட்டிட்டு மறுபக்கத்துல இருந்து ஜெபத்த ஆரமிச்சிட்டாரு.

அஞ்சி நிமிஷம் எங்க? ஒரு மணி நேரம் ஆச்சி. மேல் கல்ல நெம்பறதுக்கு ஆறு பேரு தேவப்பட்டாங்க. மொதல்ல பவுல்ராஜும் குழந்தைவேலும்தான். அப்புறம் சிரிச்ச ஆளுங்களே ஒவ்வொருத்தரா சட்டைய கழட்டிட்டு வந்தாங்க. "தூக்கு தூக்கு, கால பாத்துக்க, டேய் அந்தாண்ட புடிடா"ன்னு ஒரே கூச்சலு. கல்லு செவுத்தோரம் போச்சி. செங்கல்ல பேத்து எடுத்தாங்க. அடியில மண்ணு தட்டையா அமுங்கிக் கெடந்துச்சி.

பவுல்ராஜ் யாரையும் விடல. வாய்க்காலு ஓரத்து ஈர மண்ண அவரே பாண்டுல அள்ளிகினு வந்தாரு. மேட்ட கட்டி, நெஞ்சி ஒசரத்துக்கு இல்ல, முன்னாடி எப்படி இருந்துச்சோ அவ்ளோதான், ரெண்டு கையாலயும் வழிச்சி வழிச்சி நீவி விட்டாரு. ஆறு மாசமா கரண்டி புடிக்காத கை. ஆனா வேல மறக்கல. ஓரமெல்லாம் கத்தியால வெட்டுன மாதிரி நின்னுச்சி.

ஆரோக்கியம் அந்த மரச் சிலுவைய தலமாட்டுல நட்டா.

"போதுமாக்கா?"

அக்கா! அன்னாமேரி கண்ண மூடிகினா. நன்றி தாயே, நன்றி தாயேன்னு உள்ளுக்குள்ள ஓடிகினே இருந்துச்சி. கேட்டு மாறுனதுக்கு நன்றி. எடது கை வலது கை ஆனதுக்கு நன்றி. இந்த ஒரு தப்பு மட்டும் நடக்காம இருந்திருந்தா, அந்தக் கல்ல பாத்து ஊரே கை தட்டியிருக்கும், இவரும் அதுக்குள்ளயே பொதஞ்சி போயிருப்பாரு.

"போதும்பா. நல்லா கீற"ன்னு அவரு தலைய ஈரக் கையால தொட்டா ஆரோக்கியம். "போன ஆறு மாசத்துல இன்னிக்கிதான் பாக்கறாப்பல கீற."

சாமியாரு வந்து ரெண்டு கல்லறைக்கும் தீர்த்தம் தெளிச்சாரு. பவுல்ராஜ் முதுகுலயும் கொஞ்சம் விழுந்துச்சி. அவரு தொடைச்சிக்கல.

கூட்டம் கலஞ்சப்ப அவரு தங்கச்சிகிட்ட போனாரு.

"சுகந்தி. அந்த கையெழுத்து..."

"இங்க வேணாண்ணா"ன்னா அவ. மெழுகுவத்தி கட்டைங்கள பொறுக்கி பையில போட்டுகினா. "அப்பாவாண்ட நின்னுகினு அத பேச வேணாம். வூட்டுக்கு வா. நாலு மாசம் ஆவுது நீ என் வூட்டு வாசல்ல கால வெச்சி."

*

வூட்டுக்கு வந்து சேந்தப்ப ஆறர. வாசல்ல வெள்ள காரு நின்னுகினு இருந்துச்சி. ஹால்ல சோபாவுல ஜெயசீலன் கால் மேல கால் போட்டு உக்காந்திருந்தாரு. டீபாய் மேல ஒரு பச்ச ஃபைலு.

பவுல்ராஜ் உள்ள வந்த கோலத்தப் பாத்து பதறி எழுந்துட்டாரு. "இன்னா சார், வண்டி கிண்டி கவுந்துடுச்சா?"

"அதெல்லாம் இல்ல." பவுல்ராஜ் சோபாவுல உக்காரல, சேறு ஒட்டிக்கும்னு நின்னாரு. "ஜெயசீலன், அந்த நாலு சென்ட்டு கெடையாது. அது என் தங்கச்சி எடம். மிச்சத்த மட்டும் போடுங்க."

அன்னாமேரி நிம்மதியா செவுத்துல சாஞ்சிகினா. மாதாவே!

ஆனா ஜெயசீலன் சிரிச்சாரு. கோவமா சிரிக்கல, கொழந்தைகிட்ட சிரிக்கற மாதிரி.

"சார், மறந்துட்டீங்களா? போன இருவதாந்தேதி அக்ரிமெண்டுல கையெழுத்து போட்டாச்சே. நாலு சென்ட்டும் சேத்து, எல்லையோட எழுதியிருக்குது. அட்வான்சும் வாங்கிட்டீங்க. அதுலதான அந்த கிரானைட்டு வாங்குனீங்க? இன்னிக்கி நான் வந்தது பிளானுல கையெழுத்து வாங்கத்தான். அதுக்கு முன்னாடியே எங்க பார்ட்டி அந்த நாலு சென்ட்டுலதான் மெயின் ரோடு வருதுன்னு படத்துல காட்டி, மூணு பேருக்கு பிளாட்ட வித்துட்டாரு."

ஜெயசீலன் பச்ச ஃபைல தெறந்து, அந்தக் கையெழுத்த வெரலால காட்டுனாரு.

இருவதாந்தேதி. அன்னாமேரிகிட்ட ஒரு வார்த்த சொல்லல. இன்னிக்கித்தான் பேசறாருன்னு அவ நெனச்சிகினு இருந்தா, பத்து பன்னெண்டு நாளு முன்னாடியே முடிச்சிட்டாரு. அவளுக்கு சுருக்குன்னு கோவம் வந்துச்சி. இத்தன நேரம் இந்த மனுஷனுக்காகவா நன்றி சொல்லிகினு இருந்தேன்னு வந்துச்சி.

பவுல்ராஜ் அவ பக்கம் திரும்புனாரு. மூஞ்சி வெளுத்துப் போயிருந்துச்சி. கை ரெண்டும் காஞ்ச சேறு.

"மேரி"ன்னாரு. "தப்பு பண்ணிட்டேன். இப்ப இன்னா பண்ணலாம், நீ சொல்லு?"

நீ சொல்லு.

பணம் வந்ததுல இருந்து அந்த வார்த்த அவரு வாயில வரல. செங்கல்லு வாங்கறதுல இருந்து பொண்ணுக்கு ஸ்கூலு பாக்கறது வரைக்கும் ஒரு காலத்துல எல்லாத்தையும் அவளக் கேட்டுதான் செய்வாரு. கோவம் போவல. ஆனா கோவத்துக்கு அடியில ஏதோ ஒண்ணு நெறஞ்சி வந்துச்சி. என் ஆளு கேக்கறாரு. முழுசா இல்லன்னாலும், கொஞ்சம் திரும்பி வந்துட்டாரு.

"மொதல்ல போயி கைய கழுவுங்க"ன்னா அன்னாமேரி. "சுகந்தி வூட்டுக்குப் போறோம். இன்னா எழுதிக் குடுத்தீங்களோ, அத உங்க வாயாலயே அவகிட்ட சொல்லணும். நான் சொல்ல மாட்டேன். வக்கீலு, கோர்ட்டு, அட்வான்ச திருப்பறது எல்லாம் அதுக்கப்புறம். அவளுக்குத் தெரியாம இனிமே இந்த வூட்டுல ஒண்ணியும் நடக்கக் கூடாது."

"அவ இன்னா சொல்லுவாளோ மேரி."

"இன்னா சொன்னாலும் கேட்டுகினு நில்லுங்க."

பவுல்ராஜ் வெளிய எறங்கி வூட்ட சுத்திகினு பின்பக்கம் போனாரு. கெணத்தடியில தண்ணி சத்தம் கேட்டுச்சி.

ஜெயசீலன் ஃபைல எடுக்கலாமா வேணாமான்னு பாத்துகினே, "அப்ப நான் இன்னாங்க பண்றது? எங்க பார்ட்டிகிட்ட இன்னான்னு சொல்றது?"ன்னு கேட்டாரு.

"உக்காருங்கண்ணா. காப்பி போட்டுத் தர்றேன்"ன்னா அவ. அடுப்ப பத்த வெச்சிட்டு, பின்வாசலு தாழ்ப்பாள தெறந்தா. நாலு மாசமா சாத்தியே கெடந்த கதவு, இழுத்துப் பாத்தா வரல. மழையில மரம் ஊறிப்போயி இறுகிக் கெடந்துச்சி.

"இன்னாங்க, இங்க வந்து ஒரு கை குடுங்க"ன்னு கூப்ட்டா.

ஈரக் கையோட ஓடி வந்து வெளிய இருந்து அவரு தோள குடுத்தாரு. உள்ள இருந்து அவ இழுத்தா. ரெண்டாவது தள்ளுல கதவு தெறந்துடுச்சி. கெணத்துக்கு அந்தாண்ட, சுகந்தி வூட்டு வாசல்ல லைட்டு போட்டிருந்துச்சி. அவ கூட இன்னொரு ஆளும் நின்னுகினு இருந்தாரு. டூட்டிக்குப் போன அவ புருஷன் லூர்து பிரகாஷ், செக்யூரிட்டி யூனிபார்ம்கூட கழட்டாம, கையில லேஅவுட்டு படம் போட்ட ஒரு காயிதத்த விரிச்சிப் புடிச்சி, அவளுக்கு எதையோ படிச்சிக் காட்டிகினு இருந்தாரு.